‘01’ என்றால் இயல்பு என்று பொருளன்று: நோயெதிர்ப்பு மரபணுக்களின் பெயர்கள் குறித்து

கார்பமசெபைன் என்னும் வலிப்பு மருந்தைத் தொடங்குவதற்கு முன் மருத்துவர் ஒருவர் எச்.எல்.ஏ. பரிசோதனை கேட்கிறார், ஆய்வக அறிக்கையில் ‘பி*15’ என்று மட்டும் அச்சாகி வருகிறது. அந்த அறிக்கையால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை. 2004-இல் தைவானில் ஹான் சீன நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, இம்மருந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஊறு நேரக்கூடிய ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறிக்கும் பி*15:02 என்ற மாற்றுருவுக்கும் வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2007-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை ஓர் எச்சரிக்கையாக அறிவித்தது. இந்திய நோயாளிகளிடமும் இத்தொடர்பு பதிவாகியுள்ளது. ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணப்படும் பி*15:01-க்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது. முக்காற்புள்ளிக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களைப் பொறுத்தே மருத்துவரின் முடிவு அமைகிறது.

பெயரிடுதல் அறிவியலில் எழுத்தர் வேலை, கண்டுபிடிப்பே ஆராய்ச்சியாளரின் வேலை என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களில் பரவலாக உண்டு. மனித நோயெதிர்ப்பு மரபணுக்களின் பெயர் வரலாறு அந்த எண்ணத்தை ஏற்கவில்லை. இத்துறையில் பெயர் என்பது ஒரு முகவரி; முகவரியைப் பண்பு விளக்கமாகப் படிப்பவர்கள் தவறான முடிவுக்கு வருகிறார்கள். அத்தவற்றின் சுமை இந்திய நோயாளிகள் மீது கூடுதலாக விழுகிறது.

தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இச்சிக்கல் புதிதன்று. நன்னூல் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுக்கிறது. மரம் இடுகுறி, பறப்பதால் பறவை காரணப்பெயர். இவற்றுக்கு இடையில் காரண இடுகுறி என்ற ஒன்றையும் இலக்கண மரபு கண்டது: முள் இருப்பதால் முள்ளி என்று பெயர், ஆயினும் முள்ளுள்ள செடியெல்லாம் முள்ளி ஆவதில்லை. காரணம் பெயரைப் பிறப்பிக்கலாம். பிறந்த பெயர் காரணத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. இன்று தேங்காய் எண்ணெயிலும் எள் இல்லை, மண்ணெண்ணெயிலும் எள் இல்லை. பேசுவோர் யாரும் அதனால் குழம்புவதில்லை, ஏனெனில் அச்சொல்லில் எள்ளை யாரும் தேடுவதில்லை.

அறிவியலில்தான் தேடுகிறார்கள். 1992-இல் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் ஒரு மரபணுவைக் கண்டறிந்தது. செல்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் நிகழ்வில் அதற்குப் பங்கிருக்கும் என்று கருதி ‘திட்டமிட்ட செல் மரணம் 1’ என்று பெயரிட்டனர். அதன் சுருக்கமே பி.டி.-1. நோயெதிர்ப்புச் செல்களுக்குத் தடைக்கட்டையாக நிற்பதே அதன் முதன்மைப் பணி என்பது பின்னரே தெளிவாயிற்று. அந்தத் தடையை நீக்கும் மருந்துகள் புற்றுநோய் மருத்துவத்தை மாற்றின. ஹோன்ஜோவுக்கு 2018-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மரபணுவின் அதிகாரபூர்வக் குறியீடு இன்றும் பி.டி.சி.டி.1 தான். அக்குறியீட்டை முதன்முதலாகப் பார்க்கும் மாணவர் அதில் ‘மரணம்’ என்பதைப் படித்துவிட்டு வேறு திசையில் சிந்திக்கத் தொடங்குகிறார்.

எச்.எல்.ஏ. பெயர்களின் வரலாறு இதைக் காட்டிலும் நீண்டது. 1958-இல் பாரிசில் ஜான் டோசே மனித வெள்ளையணுக்களின் மீது ஓர் ஆன்டிஜெனைக் கண்டு, ஆய்வுக்கு உதவிய மூவர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘மேக்’ என்று பெயரிட்டார். ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்னும் வால்டர் பாட்மரும் எல்.ஏ. 1, எல்.ஏ. 2 என எண்ணினர். லைடனில் யான் வான் ரூட் 4ஏ, 4பி என்றார். ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர் வழங்கியதால் ஓர் ஆய்வகத்தின் முடிவை இன்னோர் ஆய்வகம் சரிபார்க்க இயலவில்லை. 1964-இல் அமெரிக்காவின் டர்ஹாமில் முதல் பன்னாட்டுப் பயிலரங்கு கூடியது. ஆய்வகங்கள் தத்தம் சீரங்களையும் முறைகளையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தன. 1968-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் பெயரிடற்குழு அமைந்தது. டோசேயின் ‘மேக்’ எச்.எல்.-ஏ2 ஆயிற்று.

அக்காலத்தின் அறியாமை இன்றைய பெயர்களில் படிவமாக எஞ்சியுள்ளது. ஏ, பி இரண்டும் தனித்தனி மரபணுக்கள் என்பது தெளிவாவதற்கு முன்பே எண்கள் ஒரே வரிசையில் வழங்கப்பட்டன. எனவே ஏ1, ஏ2, ஏ3 உண்டு. பி1, பி2, பி3 இல்லை. பி5, பி7, பி8 உண்டு. ஏ5, ஏ7, ஏ8 இல்லை. பயிலரங்கில் தற்காலிகமாக ஏற்கப்பட்டவற்றுக்கு ‘டபிள்யூ’ என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. உறுதியானதும் அது நீக்கப்பட்டது. சி வரிசையின் சீரப் பெயர்களில் வேறு காரணத்துக்காக அவ்வெழுத்து தங்கிவிட்டது: காம்ப்ளிமென்ட் புரதங்களுக்கும் சி1, சி2 என்றே பெயர் இருந்ததால் இரண்டும் கலந்துவிடக் கூடாது. பிறந்தபோது ‘தற்காலிகம்’ என்று பொருள்பட்ட எழுத்து, இப்போது ‘நான் அவனல்லன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. மொழிகளில் விகுதிகளுக்கு நேர்வதும் இதுவே.

சீரத்தைக் கொண்டு பிரித்தறிந்த காலம் போய், மரபணு வரிசையை நேரடியாகப் படிக்கும் காலம் வந்ததும் இன்றைய பெயர் வடிவம் உருவாயிற்று. மரபணுவின் பெயர், அதன்பின் உடுக்குறி, அதன்பின் நான்கு களங்கள் வரை. முதற்களம் மாற்றுருக் குழு. இது பெரும்பாலும் பழைய சீரப் பெயரைத் தழுவியது. இரண்டாவது களம் புரதத்தைக் குறிக்கும். புரதத்தை மாற்றாத வேறுபாடுகள் மூன்றாவதிலும், புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதிகளின் வேறுபாடுகள் நான்காவதிலும் வரும். இறுதியில் ஓர் எழுத்து சேரலாம்: ‘என்’ என்றால் அந்தப் புரதம் செல்லின் மேல் வெளிப்படுவதில்லை, ‘எல்’ என்றால் குறைவாக வெளிப்படுகிறது.

முதலில் களங்களுக்கு இடையே முக்காற்புள்ளி கிடையாது. ஒவ்வொரு களத்துக்கும் இரண்டு இலக்கங்கள் போதும் என்று கருதினார்கள். ஏ*02 குழுவிலும் பி*15 குழுவிலும் 99-க்கு மேல் மாற்றுருக்கள் கண்டறியப்பட்டபோது இடம் தீர்ந்தது. மிஞ்சியவை ஏ*92, பி*95 என்ற போலிக் குழுக்களில் குடியமர்த்தப்பட்டன. 2010-இல் முக்காற்புள்ளி வந்தபின் ஏ*9201 தன் உறவினரிடம் திரும்பி ஏ*02:101 ஆயிற்று. இன்று லண்டனை மையமாகக் கொண்ட ஐ.பி.டி.-ஐ.எம்.ஜி.டி./எச்.எல்.ஏ. தரவுத்தளத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுருக்கள் பெயர் பெற்றுள்ளன. 1990-களில் இவ்வளவை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்த அமைப்பில் போற்றத்தக்க ஒரு நேர்மை உண்டு. பிழையென்று தெரிந்து நீக்கப்பட்ட பெயர் வேறொன்றுக்கு வழங்கப்படுவதில்லை. ஏ*24:01 என்று ஒன்று முன்பு இருந்தது. வரிசையைப் படித்ததில் நேர்ந்த பிழை அது, உண்மையில் அதுவும் ஏ*24:02-உம் ஒன்றே எனத் தெரிந்ததும் பெயர் நீக்கப்பட்டது. பி*44:01-க்கும் அதே கதை. அந்த இருக்கைகள் இன்றும் காலியாக உள்ளன. எண்ணை மறுபடியும் பயன்படுத்தியிருந்தால் பழைய கட்டுரைகள் அனைத்தும் ஒரே நாளில் பொய் சொல்லத் தொடங்கியிருக்கும்.

அதே அமைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு; அது ‘01’ என்ற எண்ணில் இருக்கிறது. இரண்டாவது களத்தின் எண் கண்டறிந்த வரிசையைக் குறிக்கிறது. முதலில் கண்டறியப்படுவது, முதலில் ஆராயப்பட்ட மக்களிடம் மிகுதியாக இருப்பதே. தொடக்க ஆய்வகங்கள் பாரிசிலும் லைடனிலும் லண்டனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் இருந்தன. ஆகவே பல குழுக்களில் சிறிய எண்கள் ஐரோப்பியரிடம் மிகுதியாக உள்ள மாற்றுருக்களுக்கு அமைந்தன. குழு எவரையும் உயர்த்திப் பெயரிடவில்லை. வரிசைப்படி மட்டுமே எண் கொடுத்தது. ஆனால் எண்ணைப் படிக்கும் மனித மனம் ஒன்றை இயல்பு என்றும் மற்றவற்றை விலகல் என்றும் படிக்கிறது. மொழியியலில் குறியற்ற வடிவம், குறியுற்ற வடிவம் என்று பிரிப்பதுண்டு. குறியற்றதே பொதுவானது, அதுவே அடிப்படை என்ற எண்ணம் அப்பிரிவோடு ஒட்டிக்கொண்டே வரும். ஏ*02:01 என்பது அப்படி ஒரு குறியற்ற வடிவமாக ஆய்விதழ்களில் வழங்கி வருகிறது. ‘ஏ2’ என்று எழுதிவிட்டு ஏ*02:01-ஐ மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஐரோப்பாவில் அந்த எண்ணம் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடும். இந்தியாவில் அமையாது. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நரிந்தர் மெஹ்ரா முதலானோர் செய்த ஆய்வுகள், இங்கு ‘ஏ2’ என்ற ஒரே பெயருக்குள் பல மாற்றுருக்கள் கலந்திருப்பதைக் காட்டின. அவற்றுள் ஐரோப்பியரிடம் அரிதான ஏ*02:11 குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. ஒவ்வொன்றும் பெப்டைடுகளைப் பற்றும் விதம் சிறிதளவேனும் வேறுபடலாம். இதனை வெறும் வகைப்பாட்டு நுணுக்கம் என்று ஒதுக்க முடியாது. கண்ணின் ஒருவகை மெலனோமா புற்றுநோய்க்கு 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்து, ஏ*02:01 உடையவர்களுக்கு மட்டும் உரியது. 2024-இல் சைனோவியல் சார்கோமாவுக்கு ஒப்புதல் பெற்ற அஃபாமி-செல் என்ற செல் சிகிச்சை ஏ*02:01, 02:02, 02:03, 02:06 ஆகியவற்றுக்கு இணையான புரதங்களை உடையவர்களுக்குத் தரப்படும். ஏ*02:05 வகை உடையவர்களுக்குத் தரக் கூடாது. ஏ*02:11 இந்த இரு பட்டியல்களிலும் இல்லை. ‘ஏ2 உண்டு’ என்று மட்டும் சொல்லும் அறிக்கையை வைத்துக்கொண்டு ஓர் இந்திய நோயாளி இச்சிகிச்சைக்குத் தகுதியுடையவரா, விலக்கப்பட்டவரா, பட்டியலுக்கே வெளியே இருப்பவரா என்று எவராலும் சொல்ல முடியாது.

பழைய ஆய்வுகளின் பயனும் இதனால் குறைகிறது. 1991-இல் வெளிவந்த தென்னிந்திய ஆய்வொன்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர்.எம். பிச்சப்பன் குழுவினர் செய்தது, நுரையீரல் காசநோய்க்கும் டி.ஆர்.2 ஆன்டிஜெனுக்கும் தொடர்பு கண்டது. டி.ஆர்.2 பின்னர் டி.ஆர்.15, டி.ஆர்.16 எனப் பிரிந்தது, அவற்றுள்ளும் டி.ஆர்.பி.1*15:01, 15:02 எனப் பல உண்டு. அன்றைய கருவிக்கு எட்டிய அளவில் அந்த ஆய்வு நேர்மையானது. இன்று அதை மேற்கோள் காட்டுவோர் டி.ஆர்.2 என்பதற்கு நேராக 15:01 என்று எழுதிவிட்டால், ஆய்வாளர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணித்ததாகும். குறைந்த துல்லியத்தில் சொன்னதை அதே துல்லியத்தில் மேற்கோள் காட்டுவதே அறம்.

அதற்காகப் பழைய பெயர்களை எறிந்துவிட வேண்டும் என்பதில்லை. பி*15 குழுவே அதற்குச் சான்று. அக்குழுவின் உறுப்புகள் சீர முறையில் ஒன்றாக இல்லை: பி*15:01-இன் சீரப் பெயர் பி62, பி*15:02-உடையது பி75. ஜப்பானிய நோயாளிகளிடம் கார்பமசெபைன் எதிர்விளைவோடு தொடர்புபடுத்தப்பட்ட பி*15:11-உம் பி75 தான். எண் வரிசையில் 15:02-க்கும் 15:11-க்கும் எந்த நெருக்கமும் தெரிவதில்லை. எதிர்ப்பொருள்களை மட்டும் கொண்டு வகுத்த பழைய பெயர், அந்த நெருக்கத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. புதிய தரப்பெயரோடு பழைய பெயரையும் இணைத்துக் காட்டும் அகராதி வேலை அதனால்தான் தேவைப்படுகிறது.

வேறு வழிகளும் முயலப்பட்டன. எதிர்ப்பொருள்களை ஆக்கும் இம்யூனோகுளோபுலின் மரபணுக்களுக்கு, 1989-இல் மோன்பெலியேவில் மரி-பால் லெஃப்ராங்க் நிறுவிய ஐ.எம்.ஜி.டி. அமைப்பு இருப்பிடத்தைக் கொண்டு பெயர் தந்தது. ஐ.ஜி.எச்.வி.3-23 என்றால் கனச்சங்கிலியின் மாறும் பகுதி, மூன்றாம் துணைக்குழு, மரபணு வரிசையில் 23-ஆவது இடம். அழகான ஏற்பாடு, ஆனால் எண்ணி முடித்த தெருவில் புதிய வீடுகள் முளைத்தன. சிலருடைய குரோமோசோமில் கூடுதல் மரபணுக்கள் இருப்பது தெரிந்ததும் 4-30-2, 3-30-3, 4-30-4 என்று இடைச்செருக வேண்டியதாயிற்று. பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் பலகையில் எழுதிவைக்கும் சென்னைத் தெருக்களில் வசித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எல்லா மனிதருக்கும் ஒரே தெருவமைப்பு என்ற கருத்தே இங்குத் தவறிற்று.

கொலைச் செல் ஏற்பிகளான கே.ஐ.ஆர். மரபணுக்களுக்கு வடிவத்தைக் கொண்டு பெயர் அமைந்தது. கே.ஐ.ஆர்.2டி.எல்.1 என்றால் இரண்டு களப்பகுதிகள், நீண்ட வால். நீண்ட வால் பொதுவாகத் தடுக்கும், குறுகிய வால் தூண்டும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நீண்ட வாலுடைய 2டி.எல்.4 அந்த விதிக்குள் எளிதில் அடங்குவதில்லை. காரணப்பெயரை நம்பியவருக்கு முள்ளியின் பாடம் இங்கே மீண்டும் கிடைக்கிறது.

பெயர்களே வேண்டாம், முழு வரிசையையோ பதிவெண்ணையோ பயன்படுத்தினால் போதும் என்போர் உண்டு. கணினிக்கு அது போதும். பதிவெண்கள் ஏற்கனவே இருக்கவும் செய்கின்றன. ஆனால் நள்ளிரவில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் இன்னொருவருக்குச் சொல்லவேண்டியது மனித வாயில் நுழையக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். கணினியும் எப்போதும் நம்பத்தக்கதன்று. செல்லின் மேற்பரப்பிலிருந்து எச்.எல்.ஏ.-டி.ஆர். புரதத்தை அகற்றும் பணியில் பங்குள்ள மரபணு ஒன்றுக்கு மார்ச்1 என்று பெயர். எக்செல் மென்பொருள் அதை மார்ச் மாதம் முதல் தேதி என்று மாற்றிவிடும். 2016-இல் வெளிவந்த ஆய்வு, எக்செல் பட்டியல்களை இணைத்த மரபணுவியல் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகளைக் கண்டது. இறுதியில் பணிந்தது மென்பொருளன்று, மரபணு: 2020-இல் வெளியான வழிகாட்டுதல் அதை மார்ச்எஃப்1 என்று மாற்றப்பட்ட பெயராக அறிவித்தது. வழக்கு வென்றது, விதி இணங்கியது. நல்ல இலக்கணங்கள் அப்படித்தான் நீடித்திருக்கின்றன.

ஆகவே கேட்கவேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. ஆய்வக அறிக்கைகள் எத்தனை களம் வரை படித்தன, எம்முறையில் படித்தன, தரவுத்தளத்தின் எப்பதிப்போடு ஒப்பிட்டன என்பதை அச்சிட வேண்டும். தரவுத்தளம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. பதிப்பெண் இல்லாத மாற்றுருப் பெயர் தேதியில்லாத கடிதம் போன்றது. நான்காவது களம் மருத்துவத்துக்கு வேண்டாதது என்று வகுப்பில் சொல்லித் தருவதை நிறுத்த வேண்டும். ஏ*24:02:01:02எல் என்ற மாற்றுருவில் வேறுபாடு இருப்பது புரதமாகாத பகுதியில். ஆயினும் அதனால் புரதத்தின் வெளிப்பாடு குறைகிறது. ஆய்வேடுகளில் ‘01’ உடையதை இயல்பு வகை என்று எழுதும் பழக்கத்தை நெறியாளர்கள் திருத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்திய வரிசைகள் பெயர் பெற வேண்டும். புதிய மாற்றுருவைக் கண்டவர் தாமாகப் பெயர் சூட்டக் கூடாது. வரிசையைப் பொதுத் தரவகத்தில் வைப்புச் செய்து, குழுவுக்கு விண்ணப்பித்து, பெயர் வந்தபின் வெளியிட வேண்டும் என்பது விதி. விதி எல்லோருக்கும் ஒன்றே. விண்ணப்பிக்கும் வாய்ப்பும் வழக்கமும் ஒன்றாக இல்லை. அகமண வழக்கத்தால் ஆயிரக்கணக்கான குழுக்களாகப் பிரிந்து வாழ்ந்த நாட்டில், ஒரு குழுவில் மிகுந்தும் அண்டைக் குழுவில் அரிதாகவும் உள்ள மாற்றுருக்கள் இருக்க வாய்ப்பு மிகுதி. ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதியைப் படித்திருக்கிறது. எச்.எல்.ஏ., கே.ஐ.ஆர்., இம்யூனோகுளோபுலின் பகுதிகளோ சிறு துண்டுகளாகப் படித்தால் எளிதில் பிடிபடாதவை; அவற்றுக்கு நீள்வாசிப்பு முறையும் தனிக் கவனமும் வேண்டும். ஆய்வகக் குளிர்பெட்டியில் கிடக்கும் மாதிரிக்கும், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ‘புதியது’ என்று மட்டும் குறிக்கப்பட்ட வரிசைக்கும் பெயர் கிடையாது. பெயரற்ற மாற்றுருவைப் பரிசோதனைக் கருவியின் மென்பொருள் அடையாளம் காணாது. தனக்குத் தெரிந்தவற்றுள் நெருங்கிய ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டிவிடக்கூடும். கொடையாளியும் நோயாளியும் பொருந்துகிறார்களா என்ற கேள்விக்கு அப்போது கிடைக்கும் விடை பிறருடைய பெயரில் எழுதப்பட்ட விடை.

விண்ணப்பம் அனுப்புவதற்குச் சில நாள் உழைப்பு ஆகும். ஆய்விதழ் மதிப்பீட்டிலோ பதவி உயர்வுக்கான புள்ளிகளிலோ அதற்கு இடமில்லை. பலர் அனுப்பாததற்குக் காரணம் சோம்பலன்று, இதுவே. நிதி வழங்கும் அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் மாற்றுரு வைப்பை ஓர் ஆய்வுப் பங்களிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தொடங்கினால் நிலைமை மாறும். அகராதிக்குச் சொல் சேர்ப்பவர்களைத் தமிழ் உலகம் புலவர் என்று மதித்தது. மரபணு அகராதிக்குச் சொல் சேர்ப்பவர்களுக்குக் குறைந்தது ஒரு புள்ளியாவது தரலாம்.